ஹசார்டுக்கும் ரிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம்?

சேஃப்டி படிப்பு முடித்துவிட்டு வளைகுடா வேலைக்கு இன்டர்வியூ போன ஒரு தம்பியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டுமே ஆபத்துதான், ஹசார்டு கொஞ்சம் சின்னது, ரிஸ்க் பெரியது என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். சரியான பதில் என்ன, எல்லா இன்டர்வியூவிலும் இதையே ஏன் கேட்கிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். கட்டுமான சைட்டிலும் கெமிக்கல் பிளான்ட்டிலும் இந்த வேலையே பார்ப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில். தீங்கு செய்யக்கூடிய தன்மை எதற்கு இருக்கிறதோ அது ஹசார்டு. அந்தத் தீங்கு ஒரு ஆளுக்கு, ஒரு சூழலில், நேர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, நேர்ந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும், இரண்டையும் சேர்த்து எடைபோட்டால் கிடைப்பது ரிஸ்க். வண்டலூரில் அகழிக்கு அந்தப் பக்கம் நிற்கும் புலியும் சத்தியமங்கலம் காட்டுப் பாதையில் எதிரே வரும் புலியும் ஒரே ஹசார்டுதான். பல், நகம், பலம் எதுவும் மாறவில்லை. நமக்கும் அதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது, அதனால் ரிஸ்க் வேறு.

அப்படியானால் சின்னது பெரியது என்ற பேச்சுக்கே இடமில்லை. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வைத்திருக்கும் குளோரின் சிலிண்டர் பயங்கரமான ஹசார்டு, ஆனால் ஒழுங்காகப் பராமரித்தால் பக்கத்துத் தெருக்காரருக்கு அதனால் உள்ள ரிஸ்க் மிகக் குறைவு. மழைக்காலத்தில் பாசி பிடித்த மொட்டைமாடிப் படி சாதாரண விஷயம், அதில் தினமும் ஏறி இறங்கித் துணி காயப்போடும் அறுபது எழுபது வயது அம்மாவுக்கு ரிஸ்க் ரொம்பவே அதிகம்.

அன்றாட ஆங்கிலத்தில் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றித்தான் பேசுகிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை. தமிழிலும் ஆபத்து, அபாயம், இடர் என்று மூன்று சொல் இருந்தும் எதற்கு எது என்பதில் ஆளுக்கொரு பழக்கம், அதனால் சைட்டில் பேசுகிற மாதிரியே ஹசார்டு, ரிஸ்க் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். ஆனால் தொழிற்சாலைப் பாதுகாப்பு, நச்சியல், உணவுத் தரம், பேரிடர் மேலாண்மை போன்ற துறைகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதே தப்பாகப் போய்விடும். இன்டர்வியூவில் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

சைட்டில் ஹைரா ஷீட் என்று ஒன்று போடுவோம், ஹசார்டை அடையாளம் கண்டு ரிஸ்க்கை மதிப்பிடும் தாள். இந்த வேலையில் என்னென்ன ஹசார்டு, ஒவ்வொன்றுக்கும் ரிஸ்க் எவ்வளவு, என்ன கன்ட்ரோல், அதாவது பாதுகாப்பு ஏற்பாடு, போடுகிறோம், அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் ரிஸ்க் எவ்வளவு என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். புதிதாக வருபவர்கள் நிரப்பியதை எடுத்துப் பார்த்தால் ஹசார்டு கட்டத்தில் பெரும்பாலும் 'ஹெல்மெட் போடவில்லை' என்று இருக்கும். அது ஹசார்டு கிடையாது, இருக்க வேண்டிய ஒரு கன்ட்ரோல் இல்லாமல் போனது. இன்னொருவர் 'கீழே விழுதல்' என்று எழுதியிருப்பார், அது நிகழ்வு. இன்னொருவர் 'எலும்பு முறிவு', அது விளைவு. ஹசார்டு என்பது மேலே சாரத்துப் பலகையில் கட்டாமல் கிடக்கும் ஸ்பேனர், இன்னும் கறாராகச் சொன்னால் அந்த உயரத்தில் இருப்பதாலேயே அந்த எடைக்குள் இருக்கும் ஆற்றல். இதெல்லாம் வார்த்தை விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் ஹெல்மெட் போடாததை ஹசார்டு என்று எழுதிவிட்டால் தீர்வாக என்ன வரும்? ஹெல்மெட் போடு. அதற்கு மேல் யோசனை நகராது. மேலே கிடக்கும் ஸ்பேனரை ஹசார்டு என்று எழுதினால்தான் டூலைக் கயிற்றில் கட்டிக்கொள்ளலாமே, சாரத்து விளிம்பில் பொருள் உருண்டு விழாமல் தடுக்கும் டோ போர்டு அடிக்கலாமே, கீழே ஆள் நடக்காமல் தடுப்பு கட்டலாமே, ஏன், அந்த போல்ட் முடுக்குகிற வேலையையே தரையில் முடித்துவிட்டு கிரேனில் ஏற்றலாமே என்று மனசு போகும்.

ரிஸ்க்கை எண்ணாகப் போடும்போதும் இதே தடுமாற்றம் வரும். வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, தீவிரத்துக்கு 1 முதல் 5 வரை, இரண்டையும் பெருக்கினால் ரிஸ்க், பெரும்பாலான கம்பெனிகளில் இதுதான் வழக்கம். உயரத்தில் வேலை என்றால் வாய்ப்பு 4, தீவிரம் 5 என்று 20 போடுவார்கள். அப்புறம் உடம்பு முழுக்க மாட்டும் பெல்ட்டான ஃபுல் பாடி ஹார்னஸ் கொடுத்தாயிற்று என்று வாய்ப்பை 1 ஆக்கி 5-க்கு இறக்கிவிடுவார்கள். ஹார்னஸ் ஆளை விழாமல் தடுப்பதே இல்லை. விழுந்த பிறகு பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் குறைவது தீவிரம். விழும் வாய்ப்பைக் குறைப்பது கைப்பிடிக் கம்பியும் முழுதாகப் பலகை போட்ட மேடையும். அந்தத் தீவிரமாவது உண்மையில் குறைந்திருக்கிறதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹார்னஸைக் கொக்கியோடு இணைக்கும் கயிறான லேன்யார்டு நீளம் 2 மீட்டர், அதில் விழும் அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் கிழிந்து விரிந்தால் இன்னும் 1.75 வரை, தொங்கும் ஆளின் உயரத்துக்குச் சுமார் 2, கீழே கொஞ்சம் இடைவெளிக்கு 1, மொத்தம் 6.75 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் வேண்டும். 4 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு கால் மட்டத்தில் கொக்கியை மாட்டியவர் விழுந்தால், ஹார்னஸ் அவரை முழுசாகப் பிடித்து நிறுத்துவதற்கு முன்பே தரையில் மோதிவிடுவார். ஷீட்டில் மட்டும் 5 என்று பச்சை நிறத்தில் இருக்கும். உயரம் என்ற ஹசார்டு இம்மியும் குறையவில்லை, ரிஸ்க்காவது குறைந்ததா என்று கேட்டால் அதுவும் இல்லை.

இந்த வித்தியாசம் தெரியாததால் நம் ஊரில் உயிர் போகிற இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வரவில்லை. கழிவுநீர்த் தொட்டி. இறங்கியவர் மயங்கி விழுந்தார், காப்பாற்றப் போனவரும் விழுந்தார், 'விஷவாயு தாக்கி' பலி என்று இரண்டு சொல்லில் செய்தி முடிந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

தொட்டிக்குள் மூன்று ஹசார்டு சேர்ந்து இருக்கும்: ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன், ஆக்சிஜன் பற்றாக்குறை. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் அந்த இடத்துக்குள் சாதாரணமாகப் போகக்கூடாது என்பது விதி. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும், 1 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம்-ஐ நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகிறது, வாடையே தெரியாது. 700, 1000 என்று போனால் சில மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். மூடியைத் திறந்தவர் 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று சொல்கிற அந்த நேரத்தில், வாயு குறைந்ததால் வாடை போயிருக்கலாம், வாயு கூடியதாலும் போயிருக்கலாம். அவருடைய மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஹசார்டு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ரிஸ்க் குறைந்துவிட்டது என்று உடம்பே பொய் சொல்கிறது.

கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் கிராமங்களில் உண்டு. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் மிகக் குறைவு என்று தெரியும், அந்த அளவில் அது நல்ல அறிவுதான். ஆனால் ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும், மீத்தேன் 5 சதவீதத்தைத் தாண்டிச் சேர்ந்திருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைத்துவிடும். மூன்று ஹசார்டில் ஒன்றை மட்டும் காட்டுகிற சோதனை அது. கேஸ் டிடெக்டர் வைத்துப் பார்ப்பதிலும் முறை இருக்கிறது. மீத்தேன் காற்றைவிட இலேசு, மேலே தங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சம் கனம், கீழே தங்கும். அதனால் மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். அதோடும் முடியாது. அடியில் படிந்த கசடைக் கிளறும்போது அதில் அடைபட்டிருக்கும் வாயு குபுக்கென்று வெளியே வரும். இறங்கும்போது சரியாகக் காட்டிய மீட்டர், வேலை தொடங்கிய பத்தாவது நிமிடம் அலறும். ஆகவே மீட்டர் வேலை முடியும்வரை ஆளோடு இருக்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டோ மருந்துக்கடை மாஸ்க்கோ இங்கே எதற்கும் உதவாது. கெட்டி ஃபில்டர் வைத்த மாஸ்க்காக இருந்தாலும் அது இருக்கிற காற்றை வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனை எங்கிருந்து கொண்டுவரும்?

காப்பாற்றப் போனவர் ஏன் சாகிறார்? மேலே நிற்பவருக்கு வாயு தெரிவதில்லை, விழுந்து கிடக்கும் தம்பியோ மாமாவோதான் தெரிகிறார். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. அங்கேயும் இதே கதைதான். வெளியிலிருந்தே இழுத்துத் தூக்கும்படி கயிறும் அதை மாட்டும் மூன்று கால் ஸ்டாண்டும் தயாராக இல்லாமல் ஒருவரை இறக்குவது, ஒரே ஹசார்டுக்கு இரண்டு மூன்று பேரை வரிசையாக நிறுத்துவது.

இப்போது வித்தியாசத்துக்கு வருகிறேன். கேஸ் மீட்டர், காற்றுக்குழாய் மாஸ்க், இறங்க எழுத்தில் தரும் அனுமதியான பெர்மிட், மேலே காவல் ஆள் எல்லாமே ரிஸ்க்கைக் குறைக்கும் வேலை. ஒன்று தவறினாலும் ஹசார்டு முழு பலத்தோடு அங்கேயே காத்திருக்கும். ஆளே இறங்காமல் உறிஞ்சு லாரியும் எந்திரமும் வைத்துச் செய்வது அந்த ஹசார்டுக்கும் மனிதருக்கும் உள்ள தொடர்பையே அறுப்பது. இரண்டும் ஒரே தரமான தீர்வு கிடையாது. 2013-ல் வந்த கையால் மலம் அள்ளுவதற்குத் தடை விதிக்கும் சட்டத்தைப் படித்தால் எனக்கு எப்போதும் இடிக்கிற ஒரு இடம் உண்டு. ஹசார்டான துப்புரவு என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம், பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் கொடுக்காமல், முன்னெச்சரிக்கை விதிகளைப் பின்பற்றாமல் ஆளை இறக்கிச் செய்வது என்று போகிறது. அப்படியென்றால் கவசம் கொடுத்துவிட்டால் தொட்டிக்குள் இருப்பது ஹசார்டு இல்லை என்று ஆகிவிடுகிறது. ஹைரா ஷீட்டில் 'ஹெல்மெட் போடவில்லை' என்று எழுதும் அதே தப்பு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கவசம் ரிஸ்க்கை மாற்றும், தொட்டியை மாற்றாது. ஒப்பந்தக்காரர் நாலு ஜோடி கையுறையும் ஒரு பெல்ட்டும் வாங்கி வைத்துவிட்டு விதிப்படி செய்தோம் என்று சொல்ல இது வழிவிடுகிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது, இந்த வேலையையே முற்றாக ஒழிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பாதிதான் ஹசார்டைப் பற்றிய தீர்ப்பு.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு படிவரிசை வைத்திருக்கிறோம். முதலில் ஹசார்டையே நீக்க முடியுமா பார், முடியாவிட்டால் குறைந்த ஹசார்டு உள்ளதாக மாற்று, அதுவும் முடியாவிட்டால் தடுப்பு, காற்றோட்டம் போன்ற பொறியியல் ஏற்பாடு, பிறகு விதிமுறை, பயிற்சி, பெர்மிட், கடைசியாகத்தான் ஹெல்மெட், கையுறை, மாஸ்க். நடைமுறையில் நம் சைட்டுகளில் இது தலைகீழாக நடக்கிறது, கடைசிப் படிதான் விலை மலிவு என்பதால்.

போபால் இதற்கு மறக்கக்கூடாத சாட்சி. 1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவு கசிந்த மீத்தைல் ஐசோசயனேட், கார்பரில் என்ற பூச்சிக்கொல்லி செய்யும்போது நடுவில் உண்டாகும் பொருள். விற்பதற்கு இல்லை, அடுத்த கட்டத்தில் பயன்பட்டுத் தீர்ந்துபோக வேண்டியது. அதைச் சுமார் 40 டன் ஒரே தொட்டியில் இருப்பு வைத்திருந்தார்கள். தொட்டியைக் குளிராக வைக்கும் கருவி நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரித்துவிட வேண்டிய ஃபிளேர் டவரின் குழாய் கழற்றப்பட்டிருந்தது, வாயுவைக் கழுவி நடுநிலையாக்கும் ஸ்க்ரப்பர் அவ்வளவு பெரிய கசிவுக்கு ஈடுகொடுக்கவில்லை. விசாரணைகள் பெரும்பாலும் இந்த மூன்றைப் பற்றியே பேசின. மூன்றுமே ரிஸ்க்கைக் குறைக்கும் ஏற்பாடுகள். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்த 40 டன் அங்கே எதற்கு? பிரிட்டனைச் சேர்ந்த கெமிக்கல் இன்ஜினியர் ட்ரெவர் க்லெட்ஸ் போபாலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, உன்னிடம் இல்லாத பொருள் கசிய முடியாது என்று எழுதியிருந்தார். சேர்த்து வைக்காமல் உண்டாக உண்டாகப் பயன்படுத்துவதும் சாத்தியம்தான் என்று பிற்பாடு வேறு ஆலைகள் செய்தே காட்டின. நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஹசார்டான செயல்முறைகளுக்கு என்று தனி அத்தியாயம் சேர்ந்தது 1987-ல், அத்தனை உயிர் போன பிறகு.

இலங்கையிலிருந்து இன்னொரு சான்று. 1990-களின் நடுவில் அங்கே தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று, அதில் பெரும்பங்கு கிராமங்களில் வீட்டில் கிடக்கும் பூச்சிமருந்தால். 1995 முதல் மிகக் கொடிய நச்சுள்ள மருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தார்கள், 2008-க்குப் பிறகு இன்னும் சிலவற்றை. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது, இந்தத் தடைகளை ஒட்டி விளைச்சல் குறைந்ததாகவும் ஆய்வில் தெரியவில்லை. இதே நாட்டில் இன்னொரு வழியையும் முயன்று பார்த்தார்கள். மருந்தை வீட்டிலேயே பூட்டி வைக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெட்டி கொடுத்து 180 கிராமங்களில் பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2017-ல் வந்தது, பூட்டுப் பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வித்தியாசம் இல்லை. பூட்டுப் பெட்டி என்பது ரிஸ்க்கைக் குறைக்கும் முயற்சி, தடை என்பது ஹசார்டை எடுத்துவிடுவது. எனக்குத் தெரிந்து இந்த இரண்டு சொல்லின் வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டவில்லை. தடை வந்ததால் எத்தனை ஆயிரம் வீடுகளில் இன்று ஆள் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது ஹசார்டை மறந்துவிட்டு ரிஸ்க்கோடு மட்டும் மல்லுக்கட்டும் தவறு. நேர் எதிர்த் தவறும் உண்டு, ஹசார்டைக் கேட்டவுடனே அதை ரிஸ்க் என்று எடுத்துக்கொண்டு பயப்படுவது. வாட்ஸப்பில் வரும் 'இதைச் சாப்பிட்டால் கேன்சர்' செய்திகளில் பாதி இந்த வகை. பிரான்ஸில் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இருக்கிறது. ஒரு பொருள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதா என்பதற்கு எவ்வளவு உறுதியான சான்று இருக்கிறது என்று பார்த்து அது வகைப்படுத்தும். அந்த வகை முழுக்க ஹசார்டைப் பற்றியது, எவ்வளவு சாப்பிட்டால் எத்தனை பேருக்கு வரும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 2015-ல் பதப்படுத்திய இறைச்சியை முதல் வகையில் சேர்த்தபோது சிகரெட்டும் சாசேஜும் ஒன்று என்று தலைப்புப் போட்டார்கள். இரண்டும் ஒரே வகையில் இருப்பது உண்மை, ஏனென்றால் இரண்டுக்கும் சான்று உறுதியாக இருக்கிறது. அதே முகமை அப்போதே மேற்கோள் காட்டிய மதிப்பீட்டின்படி உலக அளவில் ஆண்டுக்குப் புகையிலையால் வரும் புற்றுநோய் மரணம் சுமார் 10 லட்சம், மதுவால் 6 லட்சம், பதப்படுத்திய இறைச்சி அதிகம் உண்பதால் சுமார் 34,000. ஹசார்டு வகை ஒன்று, ரிஸ்க்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ரிஸ்க் 18 சதவீதம் கூடும் என்றார்கள். 18 என்றவுடன் நூறு பேரில் பதினெட்டு பேருக்கு வரும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஊரில் வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், எல்லோரும் தினமும் அப்படிச் சாப்பிட்டால் 6 பேருக்கு வரும், அவ்வளவுதான் கணக்கு. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு 2023-ல் இதே முகமையின் '2பி' வகைக்குள் வந்தது, அதாவது உண்டாக்கக்கூடும் என்பதற்கு ஓரளவு சான்று. அதே நாளில் உலக சுகாதார நிறுவனத்தின் இன்னொரு நிபுணர் குழு, ரிஸ்க்கைப் பார்ப்பது அவர்கள் வேலை, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ ஆள் அந்த அளவைத் தாண்ட தினமும் 9 முதல் 14 டின் டயட் பானம் குடிக்க வேண்டும். இரண்டு குழுவும் முரண்படுவதாகப் பலர் எழுதினார்கள். ஒருவர் ஹசார்டுக்குப் பதில் சொன்னார், இன்னொருவர் ரிஸ்க்குக்கு, முரண்பாடு எதுவும் இல்லை. நம் காபிக்கும் இதில் ஒரு இடம் உண்டு. காபி 2016-ல் சந்தேகப் பட்டியலிலிருந்து இறங்கியது, 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆகாது என்று அதற்குப் பதிலாக வந்தது. அதனால் டம்ளர் டபராவில் ஆற்றிக் குடியுங்கள்.

பேரிடர் துறையிலும் இதே பாகுபாடுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புயல் ஹசார்டு, அதைத் தடுக்க யாராலும் முடியாது. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் அதே கரையில் ஃபைலின் என்ற மிகக் கடும் புயல், சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. கரையோரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீடு ஓலையா கான்கிரீட்டா, எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் ரிஸ்க்குக்குள் வரும். அதனால்தான் இந்தத் துறைக்காரர்கள் ஹசார்டோடு, யார் அதன் வழியில் இருக்கிறார்கள், எவ்வளவு தாங்குவார்கள் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் ரிஸ்க் கணக்குப் போடுவார்கள். இயற்கைச் சீற்றம் என்று சொல்லி முடித்துவிட்டால் இந்த இரண்டுக்கும் பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாத் துறையிலும் இந்த விளக்கம் செல்லாது. இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டால் தீ, வெள்ளம், திருட்டு போல இழப்பை நேரடியாக உண்டாக்குவதைப் பெரில் என்பார், அந்த இழப்பின் வாய்ப்பையோ அளவையோ கூட்டும் நிலைமையைத்தான் ஹசார்டு என்பார். குடோனில் எண்ணெய்ப் பஞ்சு குவிந்து கிடப்பது அவருக்கு ஹசார்டு, தீ பெரில். நிதித்துறையில் ரிஸ்க் என்றால் லாபம் நினைத்ததைவிடக் கூடுவதும் சேர்ந்த ஏற்ற இறக்கம். அவர்கள் தப்பாகச் சொல்வதாக நினைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம், அவர்கள் துறையில் அதுதான் சரி.

தம்பி, அடுத்த இன்டர்வியூவில் இதே கேள்வி வந்தால் விளக்கத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, கேட்பதற்கு முன் நீங்களே ஒரு உதாரணத்துக்குப் போய்விடுங்கள். வீட்டு உதாரணமே போதும்: கழிவறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் தனித்தனியே ஹசார்டு, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு என்ற புது ஹசார்டு உண்டாகிறது, ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு கழுவுபவருக்கு ரிஸ்க் அதிகம், ஆஸ்துமா உள்ளவருக்கு இன்னும் அதிகம். கன்ட்ரோல் என்ன என்று கேட்டால் மாஸ்க் என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டில் ஒன்றை வீட்டில் வாங்கி வைப்பதையே நிறுத்திவிடலாம் என்று தொடங்குங்கள், அதற்குப் பிறகு ஜன்னல், அதற்குப் பிறகு மற்றவை. அந்த வரிசையில் பேசினாலே நீங்கள் ஷீட்டை மனப்பாடம் செய்தவரா, சைட்டில் நின்று யோசிக்கிறவரா என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும்.